சித்திரகவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரகவியைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஏறத்தாழ இதே ஐயங்கள்தாம் வருகின்றன. கேட்டவர்களில் தமிழ் பயிலும் மாணவர்கள் உண்டு, கோயில் சுவரில் தேர் வடிவில் ஒரு பாட்டைக் கண்டு நின்றுவிட்டவர்கள் உண்டு, ஓவியர்களும் உண்டு. கேள்விகளை அவரவர் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முன்னே, சிக்கலானவை பின்னே.

சித்திரகவின்னா என்ன? படத்துக்குப் பாட்டு எழுதுறதா, பாட்டுக்குப் படம் போடுறதா?

இரண்டும் அல்ல. எழுத்துகள் நிற்கும் இடமும், அவற்றைப் படித்துச் செல்லும் வழியும் செய்யுளின் இலக்கணத்துக்குள்ளேயே அடங்கியிருந்தால் அது சித்திரகவி. பாம்புகள் பின்னிக் கிடப்பதுபோல் ஒரு வடிவம் வரைந்து, அதன் உடல் நெடுக ஒரு வெண்பாவை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பாம்பின் உடல் தன்னையே வெட்டிச் செல்லும் ஒவ்வோர் இடத்திலும் ஒரே எழுத்து இரண்டு அடிகளுக்கும் பொதுவாக நின்றாக வேண்டும். அந்தப் பொது எழுத்துகளை முன்னதாகவே திட்டமிட்டுப் பாடுவதுதான் நாகபந்தம். 'பந்தம்' என்ற பெயர் அந்த முடிச்சைத்தான் சொல்கிறது.

ஆகவே, படத்தை அழித்துவிட்டுப் பாட்டை மட்டும் நேர்வரியாக எழுதினாலும் முடிச்சுகள் பாட்டுக்குள் அப்படியே இருக்கும். படம் அவற்றைக் கண்ணுக்குக் காட்டுகிறது. அவ்வளவே. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று கவிகளை நான்காகப் பிரித்த மரபில் இது மூன்றாவது. 'மிறைக்கவி' என்ற பெயரும் இதற்கு உண்டு.

மொத்தம் எத்தனை வகை இருக்கு?

12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், சொல்லணியியலின் இறுதிப் பகுதியில் கோமூத்திரி, கூடசதுக்கம், மாலைமாற்று, எழுத்துவருத்தனம், நாகபந்தம், வினாவுத்தரம், காதைகரப்பு, கரந்துறைச்செய்யுள், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம், அக்கரச்சுதகம் என்று பன்னிரண்டைச் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் திருக்குருகைப் பெருமாள் கவிராயர் இயற்றிய மாறனலங்காரம் இந்தப் பட்டியலை விரித்துச் செல்கிறது. பரிதிமாற்கலைஞரும் 'சித்திரகவி விளக்கம்' என்றொரு நூல் எழுதினார்.

பட்டியலை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. மூன்று நான்கு வகைகளைத் தாளில் கட்டம் போட்டு நிரப்பிப் பார்த்தவருக்கு மற்றவற்றின் இயல்பு தானே விளங்கிவிடும்.

எழுகூற்றிருக்கையைத் தேர்னு சொல்றாங்க. எண்ணு ஏறி இறங்குது, சரி. தேர் எங்கேருந்து வந்துச்சு?

எண்களிலிருந்தேதான். திருமங்கையாழ்வார் குடந்தைப் பெருமாளைப் பாடிய திருவெழுகூற்றிருக்கையின் தொடக்கத்தைப் பாருங்கள்: "ஒருபே ருந்தி இருமலர்த் தவிசில் ஒருமுறை அயனை யீன்றனை." இதில் ஒன்று, இரண்டு, ஒன்று என மூன்று எண்கள் வருகின்றன. அடுத்து "ஒருமுறை, இருசுடர், மும்மதிள், இருகால், ஒருசிலை" என ஒன்றிலிருந்து மூன்று வரை ஏறி மீண்டும் ஒன்றுக்கு இறங்குகிறது. இதில் ஐந்து எண்கள். அதற்கடுத்தது நான்கு வரை ஏறி இறங்குகிறது. இப்படி ஏழு வரை போய், ஏழைத் தொடும் வரிசை இரண்டு முறை வருகிறது.

ஒவ்வொரு வரிசையையும் ஒரு தட்டாக வைத்து, நடுவை ஒத்து அடுக்கினால் மேலிருந்து கீழாக 3, 5, 7, 9, 11, 13, 13 கட்டங்கள் கிடைக்கும். மொத்தம் 61. உச்சி குறுகி, கீழே வர வர அகன்று, அடியில் இரண்டு தட்டுகள் சம அகலத்தில் நிற்கும் இந்த உருவம்தான் தேர். கும்பகோணம் சாரங்கபாணி கோயிலில் இந்தப் பாசுரத்தைத் தேர் வடிவிலேயே சலவைக்கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அங்கே கருவறையும் சக்கரங்களும் குதிரைகளும் யானைகளும் கொண்ட தேராகவே கட்டப்பட்டிருக்கிறது என்பதால், பாட்டைப் படித்துவிட்டு உள்ளே செல்பவர் ஒரு தேரிலிருந்து இன்னொரு தேருக்குள் நுழைகிறார்.

யாப்பிலக்கண உரைநூலான யாப்பருங்கல விருத்தி இதை விளக்கும்போது தேரைப் பற்றிப் பேசவில்லை. ஏழு அறைகளாக்கி, அவற்றில் சிறுபிள்ளைகள் புகுந்தும் வெளிப்பட்டும் விளையாடும் முறையில் பாடுவது என்று சொல்கிறது. எனக்கு அந்த விளக்கம் தேரைவிடப் பிடிக்கும். எழுகூற்றிருக்கையின் உயிர் அந்தப் போக்குவரத்தில் இருக்கிறது.

அப்படின்னா எண்ணு கணக்குக்காகச் சொல்லை இழுத்து வச்சுக் கட்டினதுதானே இது?

இந்தக் கேள்வியை மிகுதியாகக் கேட்பவர்கள் பாட்டை முழுதும் படிக்காதவர்கள். ஆறு வரை ஏறும் ஐந்தாம் தட்டு இறங்கும் இடத்தைப் பாருங்கள்: "ஐம்புல னகத்தினுள் செறுத்து, நான்குட னடக்கி முக்குணத் திரண்டவை யகற்றி, ஒன்றினி லொன்றி நின்று." ஐம்புலன்களையும் உள்ளே அடக்கி, உணவு, உறக்கம் முதலான நான்கையும் ஒடுக்கி, மூன்று குணங்களில் இரண்டை விலக்கி, எஞ்சிய ஒன்றில் நிலைபெறுவது யோகியின் செயல். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண் குறைவதும், மனம் வெளியுலகிலிருந்து படிப்படியாக உள்வாங்குவதும் இங்கே ஒரே நிகழ்ச்சி. மூன்றில் இரண்டு போனால் ஒன்று என்ற கழித்தல்கூடப் பாட்டுக்குள்ளேயே நடக்கிறது. இந்தக் கருத்தை வேறெந்த யாப்பில் சொன்னாலும் இவ்வளவு கச்சிதமாக அமையுமா என்பது ஐயமே.

அதற்கு முந்தைய தட்டில் கஜேந்திரன் வருகிறான்: "நால்வாய் மும்மதத் திருசெவி ஒருதனி வேழத் தரந்தையை." நான்கு, மூன்று, இரண்டு என்று இறங்கி வந்து கடைசியில் நிற்பது தன்னந்தனியான ஒரு யானையும் அதன் துயரமும். இறுதித் தட்டோ இதற்கு எதிர்த்திசையில் போகிறது. "மூர்த்தி மூன்றாய் இருவகைப் பயனாய் ஒன்றாய் விரிந்து நின்றனை" என்று முடியும்போது, எண் ஒன்றாகச் சுருங்கும் அதே நொடியில் சொல் 'விரிந்து' என்கிறது. கணக்கு ஒடுங்கும் இடத்தில் கடவுள் விரிகிறான்.

'நால்வாய்'னா யானைக்கு நாலு வாயா?

இல்லை. நாலுதல் என்றால் தொங்குதல். தொங்கும் வாயை உடையது என்பதால் யானைக்கு நால்வாய் என்று பெயர். காதுக்கு நான்கு கேட்கிறது, பொருளில் நான்கு இல்லை. இதே பாசுரத்தில் 'அஞ்சிறைப் பறவை' என்பது அழகிய சிறகுடைய கருடன். அம் சிறை என்று பிரிய வேண்டியது காதில் அஞ்சாக விழுந்து ஐந்தின் இடத்தை நிரப்புகிறது. 'ஆறுபொதி சடையோன்' என்பதில் ஆறு என்பது கங்கையாறு. 'முந்நீர்' கடல். 'இருநீர் மடு' என்பதில் இரு என்றால் பெரிய.

முன் கேள்வியில் 'இழுத்து வைத்துக் கட்டியது' என்று சொன்னவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எண்ணை நிரப்ப மட்டும் பாடுபவர் முப்பழம், ஐந்து விரல் என்று அடுக்கிவிட்டுப் போய்விடலாம். ஆழ்வார் எண்ணாக இருப்பனவற்றையும் எண்ணாக ஒலிப்பனவற்றையும் மாற்றி மாற்றி வைக்கிறார். எந்தக் கட்டத்தில் உண்மையான எண் இருக்கிறது என்று கேட்பவர் விழிப்போடு இருக்க வேண்டியிருக்கிறது.

எழுகூற்றிருக்கை இது ஒண்ணுதானா?

அல்ல. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் சீகாழியைப் பாடியது "ஓருரு வாயினை" என்று தொடங்குகிறது. பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் பெயரில் ஒன்று இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் சுவாமிமலை முருகன் மீது பாடியதும் உண்டு. சம்பந்தருடையதில் "ஒருதாள் ஈரயின் மூவிலைச் சூலம், நாற்கால் மான்மறி ஐந்தலை அரவம் ஏந்தினை" என்ற பகுதி, இறைவனின் திருமேனியை எண் வழியே கண்முன் நிறுத்துகிறது. வரைவதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு ஓவியருக்குக் கிடைக்காது.

மாலைமாற்றுன்னா 'விகடகவி' மாதிரிதானே? அதுல என்ன பெரிய கலை?

'விகடகவி' ஐந்தெழுத்து. சம்பந்தரின் திருமாலைமாற்றில் ஒவ்வொரு பாட்டும் முழுதாகத் திரும்பிப் படிக்கப்படுவது. முதல் பாட்டு:

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா

28 எழுத்துகள். கடைசி 'யா'வில் தொடங்கிப் பின்னோக்கி வந்தாலும் இதே பாட்டு. 'யாம் ஆமா? நீ ஆம் ஆம்' என்று பிரித்து, 'யாங்கள் கடவுள் என்றால் பொருந்துமா? நீயே என்றால் பொருந்தும், பொருந்தும்' என்று உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். பின்னர் 'காணா காமா' என்று காமனைக் காணாமற்போகச் செய்தவனையும், 'காழீயா' என்று சீகாழியில் உறைபவனையும் விளிக்கிறது.

உயிரும் இறையும் ஒன்றா, வேறா என்ற கேள்வியோடு தொடங்கும் பாட்டு, தன் எதிர்பிம்பத்தோடு நடுவில் சந்திக்கும் வடிவத்தில் அமைந்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடியின் முன் நின்று 'நீயா, நானா' என்று கேட்பதற்கு இது நெருக்கமானது. இப்படிப் படிக்க வேண்டும் என்று உரைமரபு வற்புறுத்தவில்லை, இது என் வாசிப்பு.

கோமூத்திரிங்கிற பேரே ஒரு மாதிரி இருக்கே!

மாடு நடந்துகொண்டே சிறுநீர் விட்டால் தரையில் விழும் வளைந்து வளைந்த கோட்டைத்தான் பெயர் குறிக்கிறது. கூச்சப்பட ஒன்றும் இல்லை, பார்த்த உருவத்தைப் பார்த்தபடி சொன்ன பெயர். செய்யுளின் முதற்பாதியை மேல்வரியாகவும் பிற்பாதியைக் கீழ்வரியாகவும் எழுதிக்கொண்டு, மேலே ஓர் எழுத்து, கீழே அடுத்த எழுத்து, மீண்டும் மேலே என்று கோணல் கோணலாகப் படித்தாலும் அதே செய்யுள் வர வேண்டும். தண்டியலங்கார உரையில் உள்ள எடுத்துக்காட்டு:

பருவ மாகவி தோகன மாலையே
பொருவி லாவுழை மேவன கானமே
மருவு மாசைவி டாகன மாலையே
வெருவ லாயிழை பூவணி காலமே

முதலடியையும் மூன்றாம் அடியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து இரட்டைப்படை இடங்களைப் பாருங்கள். ரு, மா, வி, க, மா, யே என்று இரண்டிலும் ஒன்றே. இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் ரு, லா, ழை, வ, கா, மே. மேலும் கீழும் தாவும் கோடு இந்த எழுத்துகளில் தாவுவதால்தான் பாட்டு கலையாமல் இருக்கிறது. ஒற்றைப்படை இடங்களில் புலவருக்கு உரிமை உண்டு, இரட்டைப்படை இடங்களில் இல்லை. புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட நல்ல வகை கிடையாது.

சருப்பதோபத்திரம் 64 கட்டமாம், எந்தப் பக்கம் படிச்சாலும் அதே பாட்டாம். மனுஷனால எப்படி முடிஞ்சது?

64 என்ற எண்தான் மிரட்டுகிறது. தண்டியலங்காரத்தில் உள்ள எடுத்துக்காட்டு இது:

மாவா நீதா தாநீ வாமா
வாயா வாமே மேவா யாவா
நீவா ராமா மாரா வாநீ
தாமே மாரா ராமா மேதா

அடிக்கு எட்டெழுத்து, நாலடி. இதன் கீழே இதே நாலடியைத் தலைகீழ் வரிசையில் எழுதினால் எட்டுக்கு எட்டுக் கட்டம் நிரம்பும். ஒவ்வோர் அடியும் தானே ஒரு மாலைமாற்று என்பதால் பாதி அடிதான் புதியது. ஆகவே தீர்மானிக்க வேண்டியது மேல் இடது மூலையில் உள்ள நான்குக்கு நான்கு கட்டம் மட்டுமே. அதிலும் முதல் வரிசை (மா, வா, நீ, தா) முதல் நிரலாகவும் வர வேண்டும், இரண்டாம் வரிசை இரண்டாம் நிரலாக வர வேண்டும். கணக்குப் பார்த்தால் புலவர் உண்மையில் தேர்ந்தெடுப்பவை பத்துக் கட்டங்கள். மற்ற ஐம்பத்து நான்கும் தாமே விழுகின்றன.

இதைச் சொன்னதும் சிலருக்கு ஏமாற்றம் தட்டுகிறது. எனக்கோ வியப்பு இங்கேதான் கூடுகிறது. பத்து எழுத்துகளுக்குள் நான்கு அடிகளுக்கும் பொருள் வர வேண்டும், ஒன்றை மாற்றினால் எட்டு இடம்கூடக் குலையும். கைகள் கட்டப்பட்ட நிலையில்தான் புலவர் எழுதுகிறார்.

இந்த மாதிரி பாட்டை எதுக்காக எழுதினாங்க? வெறும் புலமைக் காட்டலா?

புலமைக் காட்டல் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் வடமொழிக் காவியங்கள் இவற்றை எங்கே வைத்தன என்பது கவனிக்கத்தக்கது. 634ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டில் காளிதாசனோடு சேர்த்துப் பெயர் சொல்லப்படும் பாரவி, தம் கிராதார்ஜுனீயத்தின் 15ஆம் சருக்கத்தில் சருப்பதோபத்திரம் முதலானவற்றைக் குவிக்கிறார். அது போர்ச் சருக்கம். அவருக்குப் பின் மாகன் தம் சிசுபாலவதத்தில் 19ஆம் சருக்கத்தை இதற்கென்றே ஒதுக்குகிறார். அதுவும் போர்தான்.

காரணத்தை மாகனே ஒரு பாட்டில் சொல்லிவிடுகிறார். சருப்பதோபத்திரம், சக்கரம், கோமூத்திரி போன்ற செய்யுள்களால் மகாகாவியம் எளிதில் புகமுடியாதபடி இருப்பதுபோல, வியூகங்களால் அந்தப் படையும் இருந்தது என்கிறார். நான்கு திசையிலும் காவல் கொண்ட அணிவகுப்பை, நான்கு திசையிலும் படிக்கத்தக்க எழுத்து வகுப்பால் காட்டும் முயற்சி இது. படிப்பவர் தடுமாறுவதும் திட்டத்தின் பகுதியே.

ஆனா உரை இல்லாம ஒரு வரிகூடப் புரியலையே. இதைக் கவிதைன்னு ஒத்துக்கலாமா?

இந்த ஐயம் பழையது. 9ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர், தொனியே, அதாவது சொல்லாமல் உணர்த்தும் குறிப்புப்பொருளே, கவிதையின் உயிர் என்று நிறுவியபோது, சித்திரத்தைக் கவிதையின் போலி என்று தள்ளினார். அவர் வழிவந்த மம்மடரும் அதைக் கடைசித் தரத்தில் வைத்தார். சருப்பதோபத்திரத்தின் பெரும்பாலான எடுத்துக்காட்டுகளைப் பொறுத்தவரை அவர்களோடு நானும் உடன்படுகிறேன். மேலே காட்டிய 'மாவா நீதா' அமைப்பால் வியக்கவைக்கிறது, நெஞ்சைத் தொடுவதில்லை.

ஆனால் வடிவம் தன் வேலையால் ஒரு கருத்தை நிகழ்த்திக் காட்டும் இடங்களில் ஆனந்தவர்த்தனரின் தீர்ப்பு பொருந்தாது. ஐம்புலன் அடங்கும் வரிசை அத்தகைய இடம். அங்கே எண்ணைக் குலைத்தால் பொருளும் குலைகிறது. ஒரு சித்திரகவி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நான் கடைப்பிடிக்கும் சோதனையும் இதுவே: முடிச்சை அவிழ்த்தால் பாட்டு எதையாவது இழக்கிறதா? இழக்கவில்லை என்றால் அது பயிற்சி.

இது சமஸ்கிருதத்திலிருந்து வந்ததுதானே?

இலக்கணம் பெரும்பாலும் அங்கிருந்து வந்தது. தண்டியலங்காரம், காஞ்சியில் வாழ்ந்த தண்டியின் வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவியது. சருப்பதோபத்திரம், கோமூத்திரி என்ற பெயர்களே மூலத்தைச் சொல்லும். ஆனால் தமிழ்ப் புலவர்கள் இலக்கணம் வரும் வரை காத்திருக்கவில்லை. சம்பந்தர் மாலைமாற்றையும் எழுகூற்றிருக்கையையும் பாடியது தமிழ்த் தண்டியலங்காரத்துக்குச் சில நூற்றாண்டுகள் முன்னால். இரண்டாம் பதிலில் தந்த பன்னிரண்டில் எழுகூற்றிருக்கை இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கொடுக்கல் வாங்கல் தமிழ் மண்ணிலேயே இரு மொழியிலும் நடந்துகொண்டிருந்தது. காஞ்சியை அடுத்த தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், அரங்கனின் பாதுகைகளைப் பற்றி 1008 சுலோகங்கள் பாடிய பாதுகா சகசிரத்தில் சித்திரகவிக்கென்று ஒரு பகுதியே வைத்திருக்கிறார்.

அதுல ஏதோ சதுரங்கக் குதிரை வருதாமே?

வருகிறது. 32 எழுத்துள்ள ஒரு சுலோகத்தை எட்டெட்டாக நான்கு வரிகளில், அதாவது சதுரங்கப் பலகையின் பாதியில் எழுதுகிறார். முதல் கட்டத்திலிருந்து குதிரை, எந்தக் கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல் 32 கட்டங்களையும் தாவி முடிக்கும் வழியில் எழுத்துகளைப் பொறுக்கினால் அடுத்த சுலோகம் கிடைக்கிறது. மாலைமாற்றில் கிடைப்பது அதே பாட்டு, இங்கே கிடைப்பது வேறு பாட்டு. அதனால் இது ஒரு படி கடினமானது.

குதிரைத் தாவலைச் செய்யுளாக்கும் பழக்கத்தை 9ஆம் நூற்றாண்டின் உருத்திரடரே தம் காவியாலங்காரத்தில் காட்டியிருக்கிறார். ஐரோப்பாவில் ஆய்லர் இந்தத் தாவலைக் கணிதச் சிக்கலாக எடுத்து ஆராய்ந்தது 18ஆம் நூற்றாண்டில்.

வெளிநாட்டுல இப்படி இருக்கா?

இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் வேறு தத்துவத்தில். கி.மு. 300 அளவில் கிரேக்கத்தில் ரோட்ஸ் தீவின் சிமியாஸ், சிறகு, முட்டை, கோடரி வடிவங்களில் பாடினார். 1633இல் வெளியான ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் ஆங்கிலப் பாட்டொன்று இரு சிறகுகளாக அச்சானது. 1918இல் அப்பொலினேரின் பிரெஞ்சுத் தொகுப்பில் மழையைப் பற்றிய கவிதையின் எழுத்துகள் தாளில் மழைத்தாரையாக இறங்குகின்றன. இவற்றில் உருவத்தைத் தருவது அடிகளின் நீளமோ எழுத்து நிற்கும் சாய்வோதான். எழுத்துகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதில்லை, முடிச்சு இல்லை.

நம் மரபுக்கு நெருங்கிய உறவு சீனத்தில் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் சூ ஹுய் என்ற பெண், பிரிந்திருந்த கணவனுக்காக 29க்கு 29 கட்டத்தில் 841 எழுத்துகளைப் பட்டில் வண்ணநூலால் அமைத்தார். நேராகவும் பின்னாகவும் மேலிருந்தும் கீழிருந்தும் எண்ணற்ற கவிதைகள் அதில் படிக்கக் கிடைக்கின்றன. நம் புலவர்கள் எத்திசையில் படித்தாலும் ஒன்றே வரவேண்டும் என்று உழைத்தார்கள், அவர் ஒவ்வொரு திசையிலும் வேறொன்று வர உழைத்தார்.

பிள்ளையார் உருவத்தை எழுத்தாலேயே வரையுறாங்களே, அதுவும் சித்திரகவியா?

அது எழுத்தோவியம். நல்ல ஓவியமாக இருக்கலாம், சித்திரகவி ஆகாது. அதே எழுத்துகளை வேறு உருவத்தில் வளைத்தாலும் சொற்களுக்கு ஒன்றும் நேராது. கடைகளில் விற்கும் சில 'தேர்ப் படங்களும்' இந்த வகைதான். ஏதோ ஒரு துதிப்பாட்டைத் தேர்க்கோட்டுக்குள் நிரப்பியிருப்பார்கள். முதல் பதிலில் சொன்ன முடிச்சு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

படமே இல்லாத நிரோட்டகத்தை ஏன் சித்திரகவியோட சேர்க்கறாங்க?

உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாடுவது நிரோட்டகம். 17ஆம் நூற்றாண்டின் சிவப்பிரகாசர் திருச்செந்தில் முருகன் மீது ஓர் அந்தாதி முழுவதையும் இப்படிப் பாடினார். சித்திரம் என்பதற்கு ஓவியம் என்ற பொருளோடு விந்தை என்ற பொருளும் உண்டு, இலக்கண நூலார் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார்கள். காதைகரப்பு, வினாவுத்தரம் போன்றவற்றுக்கும் படம் தேவையில்லை. கண்ணுக்கான கட்டுப்பாடு பந்தமாகிறது, வாய்க்கான கட்டுப்பாடு நிரோட்டகமாகிறது.

வேல் வடிவத்துல இருக்கற பாட்டைப் படிச்சா பலன் உண்டுன்னு சொல்றாங்களே?

பாம்பன் சுவாமிகள் (மறைவு 1929) இயற்றிய சஸ்திர பந்தத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். வேல் உருவில் அடங்கும் அந்தப் பாட்டை முருகனடியார்கள் இன்றும் நாள்தோறும் ஓதுகிறார்கள். மயூர பந்தம், கமல பந்தம் முதலானவற்றையும் அவர் பாடியிருக்கிறார். பலனைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அது அடியார்களின் நம்பிக்கை.

கலை நோக்கில் ஒன்றைச் சொல்லலாம். எழுத்தை ஓர் உருவத்தின் குறித்த இடத்தில் நிறுத்தி வழிபடும் பழக்கம் யந்திரங்களில் ஏற்கெனவே இருந்தது. வேலின் இலையிலும் தண்டிலும் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு ஓதுபவருக்குப் பாட்டும் படிமமும் வேறல்ல. அரண்மனைப் புலமைப் போட்டியில் வளர்ந்த ஒரு வடிவம் பூசையறைக்குள் வந்து நிலைத்ததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

கட்டம் போடறப்போ மெய்யெழுத்தைத் தனியா எண்ணணுமா?

நல்ல கேள்வி, விடை மேலே காட்டிய எடுத்துக்காட்டுகளிலேயே இருக்கிறது. மாலைமாற்று, கோமூத்திரி, சருப்பதோபத்திரம் மூன்றையும் மீண்டும் பாருங்கள். ஒரு புள்ளியெழுத்துகூட இல்லை. மெய் வந்தால் திருப்பிப் படிக்கும்போது சொல் மெய்யில் தொடங்கும் நிலை வரும், தமிழில் அது இயலாது. ஆகவே புலவர்கள் சிக்கலைத் தீர்க்காமல் தவிர்த்தார்கள். எழுகூற்றிருக்கை எழுத்தை எண்ணுவதில்லை, எண்ணுப்பெயரை எண்ணுகிறது என்பதால் அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

மாலைமாற்றில் 'ஆ' ஓசை நிறைந்திருப்பதற்கும் காரணம் இதனோடு சேர்ந்தது. காமா, காழீயா என விளிச்சொற்கள் நெடிலில் முடியும். திருப்பினாலும் முதலெழுத்து சொல்லைத் தொடங்கத் தக்கதாக அமையும். இறைவனை மீண்டும் மீண்டும் அழைக்கும் பாட்டாக இருப்பதால், வடிவத்தின் தேவை பக்தியின் தேவையோடு ஒத்துப்போகிறது.

இப்போ கணினிகிட்ட சொன்னா ஒரு நொடியில நூறு எழுதித் தள்ளிடாதா?

எழுத்துகளை நிரப்பித் தள்ளும். சருப்பதோபத்திரத்துக்குப் பத்துக் கட்டம்தான் என்று பார்த்தோம், அகராதியை வைத்துக்கொண்டு பொருந்துவனவற்றைத் தேடுவது இயந்திரத்துக்கு எளிது. ஆனால் 'முக்குணத்து இரண்டவை அகற்றி' என்ற தொடர், எண்வரிசை அந்த இடத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்து, இறங்குவதற்கேற்ற பொருளைத் தேடியவருக்குக் கிடைத்தது. கிடைத்த நூறில் எது பாட்டு என்று சொல்ல மறுபடியும் ஒரு படிப்பாளி வேண்டும்.

நானும் எழுதிப் பாக்கணும். எங்கே தொடங்கறது?

கோமூத்திரியில் கை பழகிய பின் மாலைமாற்றுக்கு வாருங்கள். திருப்பினாலும் சொல்லாகும் இணைகளைச் சேகரியுங்கள்: மாதா, தாமா, ராதா, தாரா, வாதா, தாவா, மாயா, யாமா. முதலிலிருந்து எழுதிக்கொண்டு போகாமல் நடுவில் தொடங்கி இரு பக்கமும் விரித்துச் செல்லுங்கள். நாகபந்தமானால் வெட்டும் இடங்களின் எழுத்துகளை முதலில் வைத்துவிட்டு, இடைவெளிகளைப் பிறகு நிரப்ப வேண்டும்.

எழுகூற்றிருக்கை எழுத விரும்பினால் முன்னதாக ஒரு பட்டியல் தயாராக இருக்கட்டும். 61 எண்களில் ஒன்று 14 முறை, இரண்டு 13, மூன்று 11, நான்கு 9, ஐந்து 7, ஆறு 5 முறை வரும். ஏழு இரண்டே முறை. பெரிய எண்களுக்குப் பொருள் தேடித்தான் திணற வேண்டியிருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், திணறல் ஒன்றில்தான் வருகிறது. திருமங்கையாழ்வார் அந்தப் பதினான்கில் ஒன்பது இடங்களில் 'ஒரு' என்றே வைத்தார். மற்ற ஐந்தில் 'ஒன்றிய' என்று இரண்டு முறையும், 'ஒன்றினில்', 'ஒன்றி', 'ஒன்றாய்' என்று ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டார்.